வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று சத்தமா? ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்

பாட்டு ஓடும்போது எல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, ஆனால் வால்யூமைக் கூட்டவோ குறைக்கவோ கை வைத்தால் உடனே கரகர, சடசட என்று ஒரு சத்தம், கையை எடுத்ததும் அது நின்றுவிடுகிறது. இந்தக் கோளாறுக்காக விண்டோஸை ஃபார்மெட் பண்ணியவர்கள் உண்டு, "சவுண்ட் போயிடுச்சு, போர்டையே மாத்தணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு மதர்போர்டு விலை விசாரித்தவர்களும் உண்டு. பத்துக்கு எட்டு தடவை என்று கணக்கெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் பெரும்பாலும் இது வீட்டிலேயே சரி செய்யக்கூடிய சின்ன விஷயம். எதையும் வாங்குவதற்கு முன்னால், எதையும் அழிப்பதற்கு முன்னால், ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: எந்த வால்யூமை நகர்த்தும்போது சத்தம் வருகிறது?

ஏனென்றால் டெஸ்க்டாப்பில் வால்யூம் என்பது ஒரு இடத்தில் இல்லை. யூடியூபிலோ விஎல்சியிலோ இருக்கும் வால்யூம் ஒன்று, விண்டோஸின் கீழ் மூலையில் இருக்கும் வால்யூம் ஒன்று, ஸ்பீக்கர் பெட்டியில் இருக்கும் குமிழ் ஒன்று. ஹெட்செட் வயரில் சின்ன சக்கரம் இருந்தால் அது நான்காவது. ஹெச்டிஎம்ஐ வழியாக மானிட்டர் ஸ்பீக்கரில் கேட்பவர்களுக்கு மானிட்டர் மெனுவில் இன்னொன்று. சத்தம் இத்தனையையும் தாண்டித்தான் காதுக்கு வருகிறது. ஒன்றை மட்டும் நகர்த்தி மற்றதைத் தொடாமல் விட்டால் குற்றவாளி தானாக மாட்டிக்கொள்ளும்.

அதற்கு முன் இன்னொன்றையும் கவனியுங்கள். நகர்த்தும்போது மட்டும் கரகரக்கிறதா, இல்லை ஒரு அளவுக்கு மேல் வைத்தால் தொடர்ந்து கரகரத்துக்கொண்டே இருக்கிறதா? இரண்டாவது வகை வேறு வியாதி. அது ஸ்பீக்கர் பேப்பர் கிழிந்திருக்கலாம், ஈக்வலைசரில் பாஸை ஏகத்துக்கும் ஏற்றி வைத்திருக்கலாம், விஎல்சியில் வால்யூமை நூறு சதவீதத்துக்கு மேலே இழுத்து வைத்திருக்கலாம். நூறைத் தாண்டினால் அலையின் உச்சி வெட்டுப்பட்டு உடைந்த சத்தம் வருவது இயல்புதான், ஸ்பீக்கர் மேல் தப்பில்லை. ஈக்வலைசரை அணைத்து, ஆப் வால்யூமை நூறுக்குக் கீழே கொண்டுவந்து பாருங்கள். அப்போதும் விடாமல் கரகரத்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு அதிகம் உதவாது, ஸ்பீக்கர் யூனிட்டைத்தான் பார்க்க வேண்டும்.

சரி, சோதனைக்கு வருவோம்.

பாட்டை நிறுத்துங்கள். முழு நிசப்தத்தில் ஸ்பீக்கர் குமிழை மட்டும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மெதுவாகத் திருப்புங்கள். எதுவுமே ஓடாதபோதும் கரகரத்தால், கம்ப்யூட்டருக்கும் இதற்கும் பெரும்பாலும் சம்பந்தமில்லை. உறுதி செய்துகொள்ள, கம்ப்யூட்டரின் பின்பக்கம் சொருகியிருக்கும் ஜாக்கைப் பிடுங்கிவிட்டு மறுபடி திருப்புங்கள். ஜாக் முனை கையில் பட்டால் ர்ர்ர் என்று உறுமும், அது வழக்கமானது, பயப்பட வேண்டாம். அந்த உறுமலை விட்டுவிட்டு குமிழின் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பிடுங்கிய பிறகும் அதே கரகரப்பு என்றால் ஸ்பீக்கர் குமிழ்தான் காரணம், டிரைவர் (சவுண்ட் சிப்பை இயக்கும் சாஃப்ட்வேர்) தேடி அலைய வேண்டாம், நேராகக் கீழே குமிழைச் சுத்தம் செய்யும் பகுதிக்குப் போய்விடுங்கள்.

குமிழ் அமைதியாக இருக்கிறது, கீபோர்டில் வால்யூம் பட்டனை அழுத்தினாலோ மவுஸால் இழுத்தாலோதான் சத்தம் என்றால் கோளாறு கம்ப்யூட்டருக்குள். அதிலும் யூடியூபின் சொந்த வால்யூமை இழுக்கும்போது வரவில்லை, விண்டோஸ் வால்யூமை இழுக்கும்போது மட்டும் வருகிறது என்றால் டிரைவர் அல்லது அதன் மேல் உட்கார்ந்திருக்கும் எஃபெக்ட் ஏதோ ஒன்று. ஒரு ஆப்பில் மட்டும் வந்தால் அந்த ஆப்பை அப்டேட் செய்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

இங்கே நிறைய பேர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. விண்டோஸ் வால்யூமை இழுத்து விட்டதும் அது 'டிங்' என்று ஒரு மாதிரிச் சத்தம் எழுப்பும், அது கோளாறு இல்லை. இன்னொன்று, நிசப்தமாக இருக்கும்போது மின்சாரம் மிச்சப்படுத்த சவுண்ட் சிப் தூங்கப் போய்விடும், நீங்கள் வால்யூமைத் தொட்டதும் அந்த 'டிங்' ஒலிக்க வேண்டும் என்பதற்காக அது திடுமென்று எழும், எழும்போது ஸ்பீக்கரில் 'டப்' என்று ஒரு வெடிப்பு கேட்கும். கண்டுபிடிப்பது சுலபம். ஒரு பாட்டை ஓடவிட்டு வால்யூமை மாற்றுங்கள். பாட்டு ஓடும்போது வராமல் அமைதியில் மட்டும், அதுவும் முதல் தொடுதலில் மட்டும் வந்தால் இதுதான். ஆபத்தில்லை. ஆடியோ டிரைவரோடு வந்த கன்ட்ரோல் ஆப்பில் பவர் சேவிங் பற்றிய அமைப்பு இருந்தால் அதை அணைத்துவிட்டால் போதும்.

கம்ப்யூட்டருக்குள் என்றால்

முதலில் எஃபெக்ட்களை அணையுங்கள், இது ஒரு நிமிட வேலை. விண்டோஸ் 11 இல் செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய் உங்கள் ஸ்பீக்கர் பெயர் மேல் கிளிக் செய்து கீழே இறங்கினால் ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ் என்று இருக்கும், அதை ஆஃப் செய்யுங்கள். விண்டோஸ் 10 இல் சவுண்ட் கன்ட்ரோல் பேனலில் உங்கள் ஸ்பீக்கரின் பிராப்பர்ட்டீஸுக்குள் போனால், என்ஹான்ஸ்மென்ட்ஸ் பகுதியில் 'டிசேபிள் ஆல் என்ஹான்ஸ்மென்ட்ஸ்' என்று ஒரு டிக் இருக்கும். லவுட்னஸ் ஈக்வலைசேஷன், வர்ச்சுவல் சரவுண்ட், பாஸ் பூஸ்ட் எல்லாமே சத்தத்தை வழியில் பிடித்து நிறுத்தி, மாற்றி, பிறகு அனுப்புகின்றன. வால்யூம் மாறும் கணத்தில் இவை தடுமாறுவது அடிக்கடி நடக்கிறது. மதர்போர்டோடு வரும் 'கேமிங் சவுண்ட்' சாஃப்ட்வேர் போட்டிருந்தால் அதையும் சேர்த்து அணைத்துப் பாருங்கள், என் அபிப்பிராயத்தில் அதில் முக்கால்வாசி யாருக்கும் தேவைப்படாத சரக்கு.

அப்புறம் அதே பக்கத்தில் ஃபார்மெட் என்று இருப்பதை 24 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று வைத்துப் பாருங்கள். ஏற்கெனவே 192000 என்று பெருமைக்கு ஏற்றி வைத்திருந்தால் கட்டாயம் இறக்குங்கள். பாட்டு கேட்க அவ்வளவு தேவையில்லை, டிரைவருக்குச் சுமைதான் கூடும்.

இதற்கும் அடங்கவில்லை என்றால் டிரைவர். உங்கள் மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கு என்று கொடுத்திருக்கும் ஆடியோ டிரைவரைப் போடுங்கள், வேறு எங்கிருந்தோ கிடைக்கும் 'டிரைவர் அப்டேட்டர்' எதையும் இறக்கவே வேண்டாம். அது ஏற்கெனவே இருந்தும் தொல்லை என்றால் எதிர்த் திசையில் போகலாம்: டிவைஸ் மேனேஜரைத் திறந்து, சவுண்ட் பிரிவில் ரியல்டெக் (பல போர்டுகளில் இருக்கும் சவுண்ட் சிப்பின் பெயர்) என்று இருப்பதன் மேல் ரைட் கிளிக் செய்து, அப்டேட் டிரைவர், கம்ப்யூட்டரிலேயே தேடு, பட்டியலிலிருந்து நானே தேர்வு செய்கிறேன் என்ற வரிசையில் போனால் 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்' என்று மைக்ரோசாஃப்டின் சாதாரண டிரைவர் கிடைக்கும். அதில் எந்த அலங்காரமும் இல்லை, அதனாலேயே கரகரப்பும் பல சமயம் போய்விடுகிறது. பிடிக்கவில்லை என்றால் அதே வழியில் திரும்ப ரியல்டெக்கை எடுத்துக்கொள்ளலாம், எதுவும் நஷ்டமில்லை.

வால்யூம் மாற்றும்போது மட்டுமல்ல, பெரிய ஃபைல் காப்பி ஆகும்போதும் கேம் லோட் ஆகும்போதும்கூட இடையிடையே பட்பட் என்கிறது என்றால் சவுண்ட் சிப் பாவம், வேறு ஏதோ ஒரு டிரைவர் பிராசசரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. லேட்டன்சிமான் என்ற சாஃப்ட்வேரைச் சில நிமிடம் ஓடவிட்டால் எந்த டிரைவர் அதிக நேரம் தின்கிறது என்று பெயரோடு காட்டும். வைஃபை டிரைவரும் கிராஃபிக்ஸ் டிரைவரும் அதில் அடிக்கடி மாட்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். டிஜிட்டல் வால்யூம் வழுக்கிக்கொண்டு போவதில்லை, படிப்படியாகத்தான் ஏறி இறங்குகிறது. ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும் அந்தக் கணத்தில் அலை நடுவழியில் உடைந்தால் மெல்லிய 'டிக்' கேட்கும். நல்ல டிரைவர்கள் இந்தத் தாவலைச் சரிவாக்கிவிடுகின்றன, சில செய்வதில்லை. யூடியூபில் 100 ஹெர்ட்ஸ் டோன் என்று தேடி, ஒரே சுருதியில் நீளும் அந்த ஒலியை ஓடவிட்டு வால்யூமை மாற்றினால் நல்ல கம்ப்யூட்டரில்கூட இது லேசாகத் தெரியலாம். பாட்டில் தெரியாமல் இந்தச் சோதனையில் மட்டும் தெரிகிறது என்றால் விட்டுவிடுங்கள், அதைத் துரத்துவதில் பயனில்லை.

லினக்ஸ்காரர்களுக்கு இதே விஷயம் இன்னும் தூக்கலாக வரும். லினக்ஸில் சத்தத்தைக் கவனிக்கும் சாஃப்ட்வேரான பல்ஸ் ஆடியோ, வால்யூமைப் பாதி சவுண்ட் சிப்பிலும் மீதியை சாஃப்ட்வேரிலும் பிரித்துச் செய்கிறது. சிப்பின் படிகள் பெரியவை, இடைவெளியை சாஃப்ட்வேர் நிரப்ப வேண்டும், இரண்டும் ஒரே கணத்தில் மாறவில்லை என்றால் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'சடக்'. பல்ஸ் ஆடியோவின் டீமன் அமைப்புக் கோப்பில் டிஃபர்டு வால்யூம் என்ற வரியை 'நோ' என்று மாற்றி, பல்ஸ் ஆடியோவை மறுபடி தொடங்கிப் பாருங்கள். பல்ஸ் ஆடியோவுக்குப் பதிலாக பைப்வயர் இருக்கும் புதிய லினக்ஸ்களில், அதோடு வரும் வயர்பிளம்பரின் அமைப்பில் சாஃப்ட் மிக்சர் என்பதை இயக்கினால் சிப்பைத் தொடாமல் முழுக்க சாஃப்ட்வேரிலேயே வால்யூம் மாறும், பிரிந்து செய்வதால் வரும் சண்டை அதோடு தீரும். அதற்கு முன் அல்சாமிக்சரில் மாஸ்டரும் பிசிஎம்மும் சரியான அளவில் இருக்கின்றனவா என்று பார்த்துவிடுங்கள்.

நடுவில் இருக்கும் வயர்

கேபினெட்டின் முன்பக்க ஜாக்கில் ஹெட்போன் சொருகிக் கேட்பவர்கள், அதைப் பிடுங்கிப் பின்பக்கத்துப் பச்சை ஜாக்கில் போட்டுப் பாருங்கள். முன்பக்க ஜாக்கிலிருந்து ஒரு மெல்லிய வயர் கேபினெட்டுக்குள் ஊர்ந்து மதர்போர்டின் ஓரத்துக்குப் போகிறது, வழியில் கிராஃபிக்ஸ் கார்டு பக்கம் போனால் கண்ட இரைச்சலையும் வாங்கிக்கொள்ளும், ஜாக்கே தளர்ந்திருந்தால் குமிழைத் திருப்பும் கை அசைவுக்கே கரகரக்கும். வயரைத் தொடாமல் வால்யூமை மாற்றினால் சத்தம் இல்லை, வயரை லேசாக ஆட்டினால் சத்தம் என்றால் வயரை மாற்றுங்கள், அவ்வளவுதான். யுஎஸ்பி ஹெட்செட் என்றால் ஹப்பைத் தவிர்த்து மதர்போர்டின் போர்ட்டில் நேரடியாகச் சொருகுங்கள்.

எப்போதும் ம்ம்ம் என்று ஒரு முனகல் இருந்தால் அது எர்த் பிரச்சினை, குமிழோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். கம்ப்யூட்டரையும் ஸ்பீக்கரையும் ஒரே ஸ்பைக் பஸ்டரில் சொருகினால் பல வீடுகளில் அடங்கிவிடும். முனகலை நிறுத்த மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டிவிடச் சொல்வார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், அந்தப் பின் உயிரைக் காப்பாற்றுவதற்காக இருக்கிறது.

குமிழைச் சுத்தம் செய்வது

சென்னையில் இதுதான் மிக அதிகமாகப் பார்க்கும் கோளாறு, காரணமும் ஊர்தான். குமிழுக்குள் குதிரை லாட வடிவத்தில் ஒரு கார்பன் பட்டை இருக்கிறது, அதன் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு உரசிக்கொண்டே நகர்கிறது, நாக்கு எங்கே நிற்கிறதோ அதற்கேற்பச் சத்தம். பட்டைமேல் தூசி படிந்தாலோ நாக்கில் களிம்பு ஏறினாலோ தொடர்பு விட்டு விட்டுக் கிடைக்கும், அந்த விட்டு விட்டுதான் கரகர. திருவான்மியூர், பெசன்ட் நகர், சாந்தோம், திருவொற்றியூர் மாதிரி கடலோரத்தில் வீடு என்றால் உப்புக் காற்று, மற்ற இடங்களில் ஜன்னல் வழியே வரும் ரோட்டுத் தூசி, ஐப்பசி கார்த்திகை மழையில் ஈரம். கொஞ்ச நாளிலேயே குமிழ் பேச ஆரம்பித்துவிடும்.

முதல் வைத்தியத்துக்குக் காசே வேண்டாம். ஸ்பீக்கரை சுவிட்சில் அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, குமிழை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை முப்பது நாற்பது தடவை வேகமாகத் திருப்புங்கள். லேசான களிம்பாக இருந்தால் நாக்கே அதைச் சுரண்டித் தள்ளிவிடும். மறுபடி போட்டுக் கேளுங்கள். பலருக்கு இங்கேயே தீர்ந்துவிடும், சில மாதம் கழித்துத் திரும்ப வந்தால் திரும்பச் செய்யலாம்.

அதற்கு மசியவில்லை என்றால் கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே வேண்டும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கிடைக்கும். மெட்ரோவில் போகிறவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடக்கிற தூரம்தான். வால்யூம் கன்ட்ரோலுக்கு என்று சொல்லிக் கேளுங்கள், லேசான எண்ணெய்ப் பசை விட்டுப்போகும் வகை இதற்கு நல்லது. முழுக்க உலர்ந்துபோகும் வகையும் வேலை செய்யும், ஆனால் அது தண்டில் இருக்கும் கிரீஸையும் கழுவிவிடுவதால் குமிழ் லொடலொடவென்று ஆகலாம். ஸ்பிரே கிடைக்கவில்லை என்றால் மொபைல் சர்வீஸ்காரர்கள் பயன்படுத்தும் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் சில சொட்டு போதும்.

வேறு எதையும் ஊற்றாதீர்கள். தேங்காய் எண்ணெயும் தையல் மெஷின் எண்ணெயும் ஊற்றினால் இரண்டு நாள் நன்றாக இருக்கும், பிறகு தூசியைப் பிடித்துப் பிசினாகிவிடும். நெயில் பாலிஷ் ரிமூவர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். சானிடைசரில் தண்ணீரும் பசையும் இருக்கிறது. துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு அடிக்கும் சாதாரண டபிள்யூடி-40யும் வேண்டாம், அதே கம்பெனி கான்டாக்ட் கிளீனர் என்று தனியாக விற்பது வேறு சரக்கு.

குமிழின் பிளாஸ்டிக் தொப்பியை நேராக இழுத்தால் கழன்று வரும். தண்டு வழியாக ஸ்பிரே அடித்தால் உள்ளே அதிகம் போகாது, பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். திறப்பதற்கு முன் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரமாவது சும்மா விடுங்கள். 2.1 செட்டில் சப் ஊஃபர் பெட்டிக்குள் 230 வோல்ட் நேராக வருகிறது, பெரிய டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் எஸ்எம்பிஎஸ் என்ற வகை பவர் சப்ளை இருந்தால் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் இருக்கும். அந்தப் பக்கம் விரலைக் கொண்டுபோகவே வேண்டாம். இதில் பழக்கமில்லை என்றால் திறக்காமல் கடையில் கொடுப்பதுதான் சரி, இதில் வீரம் காட்ட ஒன்றுமில்லை.

உள்ளே குமிழின் உலோக உடம்பில், கால்கள் வெளியே வரும் பக்கத்தில், சின்ன இடைவெளி தெரியும். ஸ்பிரேயோடு வரும் சிவப்புக் குழாயை அந்த இடைவெளியில் வைத்து ஒரு சின்ன அடி, அவ்வளவு போதும். உடனே இருபது முப்பது தடவை கோடிக்குக் கோடி திருப்புங்கள். ஸ்டீரியோ என்றால் இரண்டு அடுக்கு இருக்கும், இரண்டுக்கும் தனித்தனியாக அடிக்க வேண்டும். ஃபேன் காற்றில் நன்றாக உலரவிட்டு, வாசம் முழுக்கப் போன பிறகு மூடிப் பிளக்கைச் சொருகுங்கள். இந்தச் சரக்குகளில் பல தீப்பிடிக்கும், பக்கத்தில் விளக்கோ ஊதுபத்தியோ வேண்டாம்.

சுத்தம் செய்த பிறகும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு பக்க ஸ்பீக்கர் அடங்கிப்போகிறது என்றால் அந்த இடத்தில் பட்டையே தேய்ந்துபோய்விட்டது, இனி எவ்வளவு அடித்தாலும் திரும்பாது, புது வால்யூம் கன்ட்ரோல் போட வேண்டும். அதன் உடம்பில் பி50கே, ஏ50கே என்பது போல எழுதியிருக்கும், எழுதியிருப்பதையே கேளுங்கள். ஆறு காலா, சுவிட்சோடு எட்டுக் காலா, தண்டு எவ்வளவு நீளம், முனை தட்டையா பல் வெட்டியதா என்பதெல்லாம் பொருந்த வேண்டும், அதனால் பழையதைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போவதே உத்தமம். பொருளின் விலை மிகச் சொற்பம், கூலிதான் செலவு.

ஓயாமல் சுற்றிக்கொண்டே போகும் குமிழ் என்றால் அது வேறு வகை. கரகரக்காது, கூட்டத் திருப்பினால் குறையும், குறைக்கத் திருப்பினால் தாவும். அதற்குள் கார்பன் பட்டை இல்லை, என்கோடர் என்ற சுவிட்ச் இருக்கிறது. அதே ஸ்பிரே அதற்கும் பலன் தரும்.

சுத்தம் செய்து சில நாளிலேயே, அதுவும் பாட்டு ஓடாதபோதும் கரகரப்பு திரும்பி வந்தால் குமிழை மறுபடி குறை சொல்லாதீர்கள். குமிழுக்கு முன்னாலோ பின்னாலோ கப்ளிங் கெபாசிட்டர் என்று ஒரு சின்ன கெபாசிட்டர் இருக்கும், நேர் மின்னோட்டத்தை, அதாவது டிசியை, தடுத்து ஒலியை மட்டும் விடுவது அதன் வேலை. அது கசிய ஆரம்பித்தால் குமிழில் எந்நேரமும் கொஞ்சம் டிசி உட்கார்ந்திருக்கும், நாக்கு நகர்ந்தாலே கரகரக்கும். எலக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களுக்கு வெப்பம் ஆகாது, பத்து டிகிரி கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது பொதுக் கணக்கு, நம் ஊர் மே மாதத்தில் மூடிய மரப்பெட்டிக்குள் ஆம்ப்ளிஃபயரோடு கிடப்பதன் கதி தெரிந்ததுதான். கடையில் கொடுக்கும்போது "கரகரங்குது, பாருங்க" என்று மட்டும் சொன்னால் ஒரு ஸ்பிரே அடித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். "வயரைப் பிடுங்கின பிறகும் வருது, ஒரு தடவை க்ளீன் பண்ணியாச்சு, கன்ட்ரோலில் டிசி வருதான்னு பாருங்க, வந்தா கப்ளிங் கெபாசிட்டரை மாத்துங்க, 105 டிகிரி சூடு தாங்குறதா போடுங்க" என்று சொல்லிக் கொடுங்கள். மைக்ரோஃபாரட் அளவு பழையதேதான் இருக்க வேண்டும், வோல்ட் அளவு கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது.